ஏழாவது விதியும் ஒரு உருளைக்கிழங்கும்

நான் அழுது காசு வாங்கினவள் என்று எங்கள் தெருவில் இன்னும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பொய். அன்றைக்கு என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது உண்மை. தாரை தாரையாக வந்தது. ஆனால் நான் அழவில்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் வெல்டிங் பட்டறைப் பக்கமே போகாதவர்கள். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இந்தத் தாளை நீட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

அப்போது நான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துவிட்டு, கடலூரை ஒட்டிய குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்தேன். அந்த வாரத்தோடு என் காலம் முடிந்தது. பைப் வெல்டிங் பயிற்சிக்குப் போய், தேர்வில் தேறி, சான்றிதழோடு வந்தால் வேலை உண்டு என்றார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். பயிற்சிக்குக் கட்டப் பணம் வேண்டும். எங்கள் வீட்டில் இல்லை. அப்பா ஓட்டிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோ, இன்ஜின் போய், கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. அவ்வளவு நாளாக நின்றிருந்தது.

சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை இருந்தது. வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று கைத்தொழில் பழகி முடிக்கிறவர்களுக்கு மேற்பயிற்சிக்காக உதவித்தொகை கொடுப்பார்கள். கூடவே வருஷா வருஷம் ஒரு பை, டிபன் பாக்ஸ், குடையும் உண்டு. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கு உதவ ஊரில் பத்துப் பேர் வருவார்கள். வெல்டருக்கு உதவ ஒருத்தர் இருக்கிறாரே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. விண்ணப்பம் எட்டுப் பக்கம் இருந்தது. வீட்டில் எத்தனை மின்விசிறி என்று கேட்டிருந்தார்கள். ‘ஒன்று, ரெகுலேட்டர் இல்லாதது’ என்று எழுதினேன். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வைத்தேன். ‘நேர்மையான பெண், சற்றுக் கோபக்காரர்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டாவது பாதியை யார் கேட்டது?

அம்மா பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைக்கிறவள். பேச்சை இழுக்க மாட்டாள்.

“பணம் வந்தா பைப்பு. வரலன்னா திங்கக்கெழம சித்தியோட கடைக்குப் போ. அப்பறம் என்னாண்ட வந்து மூஞ்சத் தூக்கக் கூடாது.”

சித்தி வேலை பார்த்தது திருப்பாப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில். முதலாளியிடம் எனக்காகப் பேசியும் வைத்திருந்தாள். ஜவுளிக்கடை வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாற்பது புடவையை விரிக்க வைத்துவிட்டு, ‘இதே டிசைன்ல வேற கலர் இல்லையா’ என்று கேட்கிறவளுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். அது என்னால் ஆகாது என்பது சித்திக்கும் தெரியும். அதனால் என் உதவித்தொகைக்காக என்னைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவள் அவள்தான்.

நேர்முகம் சனிக்கிழமை. என்னோடு இன்னொருவனையும் கூப்பிட்டிருந்தார்கள். திட்டக்குடிப் பக்கத்து ஆள், என்னைவிட ஒரு வயது சின்னவன், ஐ.டி.ஐ.யிலிருந்தே கூடப் படித்தவன். அக்கா அக்கா என்பான். நான் திட்டினால் சிரிப்பான். அது என்னை இன்னும் கோபப்படுத்தும். அவனுடைய அப்பா குடித்துக் குடித்தே செத்தவர். அதனால் அவன் கல்யாண வீட்டில் சோடாவைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் அவன் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தான். ‘தம் கையால் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவரவும்’ என்று அதில் இருந்தது. ஏன் முன்னாலேயே படிக்கவில்லை என்று அவனை ஒரு பாட்டம் திட்டினேன். பாதியில்தான் நானும் படிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. திட்டை நிறுத்தவில்லை, கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அவனுடைய அக்காவைக் கட்டியவர் கடலூரில் கிரில் பட்டறை வைத்திருந்தார். அங்கே ஓடினோம். ஆளுக்கு ஒரு தண்ணீர் கேன் ஸ்டாண்டு செய்வதென்று முடிவானது. ஒரே பொருளை இரண்டு பேர் கொண்டு போனால் காப்பி என்பார்களே என்று, அவனுடையதற்குப் பூந்தொட்டி ஸ்டாண்டு என்று பெயர் வைத்தோம்.

பட்டறையில் முகத்துக்குப் பிடிக்கிற ஷீல்டு ஒன்றுதான் இருந்தது. ஒருத்தர் கம்பியைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் டேக் வைக்க வேண்டும், அதாவது கம்பி நகராமல் இருக்க அங்கங்கே ஒரு பொட்டு வெல்டு. வைக்கிறவருக்கு ஷீல்டு. பிடிக்கிறவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். இதை எல்லா வெல்டரும் செய்வார்கள். செய்யவே கூடாது என்று எல்லா வெல்டரும் அடுத்தவருக்குச் சொல்வார்கள். நாங்கள் மாற்றி மாற்றிப் பிடித்தோம், மாற்றி மாற்றிக் கண்ணை மூடினோம். மூடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே பொறி கிளம்பிவிடும். அந்த ஒரு நொடி நாற்பது தடவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஐ.டி.ஐ.யில் எங்களுக்குப் பாடமாகவே எடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் அதில் நல்ல மார்க்கு.

“ரெண்டு பேரும் நாளைக்குக் கண்ணத் தொறக்க மாட்டீங்க மச்சான்” என்றார் பட்டறைக்காரர், மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டே. இதை அவர் முதல் டீயில் சொல்லியிருக்கலாம்.

விடியும்போது என் இரண்டு கண்ணிலும் யாரோ ஆற்று மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. வெளிச்சம் பட்டால் குத்தியது. தண்ணீர் நிற்கவே இல்லை. வெல்டர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆர்க் அடித்துவிட்டது என்போம். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தால் கொஞ்சம் குளிரும். ஒரு நாள், ஒன்றரை நாளில் தானாகச் சரியாகும். எங்களுக்குப் படுக்க நேரமில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஆளுக்கு இரண்டு துண்டு உருளைக்கிழங்கைக் கண்ணில் வைத்துக்கொண்டோம். மடியில் ஆளுக்கு ஒரு இரும்பு ஸ்டாண்டு. பக்கத்து சீட்டுக்காரர் பொரியலா குழம்பா என்று கேட்டார். முகம் தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில்தான் அவன் அடுத்த குண்டைப் போட்டான். விண்ணப்பத்தில் ஏழாவது விதி என்று ஒன்று இருந்ததாம். பாதுகாப்பு விதிகளை மீறி வேலை செய்கிறவர்களுக்கு உதவித்தொகை கிடையாது. அதற்குக் கீழே நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். ஆக, ஷீல்டு இல்லாமல் வேலை செய்து கண் போச்சு என்று சொன்னால், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். மெட்ராஸ் ஐ என்று சொல்லலாமா என்றான். சொன்னால் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள் என்றேன். கடைசியில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, தூசி விழுந்துவிட்டது என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்வதென்று பேசிக்கொண்டோம்.

நேர்முகம் வடக்கு வீதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. கேள்வி கேட்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் அறக்கட்டளைத் தலைவர், அரிசி ஆலை வைத்திருந்தவர். இன்னொருவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. எங்கள் ஸ்டாண்டுகளை முன்னாலேயே வாங்கி உள்ளே கொண்டு போய்விட்டார்கள். முதலில் அவனைக் கூப்பிட்டார்கள்.

ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான். எப்போதும் இருக்கிற சிரிப்பு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, ஈரத் துணியைக் கண்ணில் அழுத்திக்கொண்டான். என்னடா என்றேன். முழங்கையில் இடித்தேன்.

“ஊதச் சொன்னாங்கக்கா” என்றான்.

சிவந்த கண், வழிகிற தண்ணீர், வெளிச்சத்துக்குக் கூசிக்கொண்டு தட்டுத் தடுமாறிய நடை. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஊதியிருக்கிறான். வாசனை ஒன்றும் வரவில்லை. அப்படியானால் வேறு ஏதோ சமாச்சாரம் என்று இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட்டு, போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவனை, அதுவும் அவனை. நான் எழுந்தபோது என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே போனேன். அதே சிவந்த கண், அதே தண்ணீர், அதே தடுமாற்றம். நாற்காலி எங்கே என்று கையால் துழாவித்தான் உட்கார்ந்தேன். தலைமை ஆசிரியை அம்மா தன் கைக்குட்டையை எடுத்து என் கையில் திணித்தார். தலைவர் மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். வீட்டில் ஒரே மின்விசிறி, ஆட்டோ நின்றுபோன கதை எல்லாவற்றையும் படித்துவிட்டு, இந்தப் பெண் எவ்வளவு கஷ்டத்தை மனசில் வைத்திருக்கிறது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அழவில்லை, தூசி என்றேன். அதைக் கேட்டதும் அவர்களுக்கு என்மேல் மரியாதை வேறு வந்துவிட்டது. எவ்வளவு ரோஷம் பாருங்கள் என்றார் அந்த அம்மா. நான் மறுக்க மறுக்க எனக்கு மார்க்கு ஏறிக்கொண்டே போனது.

என் கேன் ஸ்டாண்டு மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் தண்ணீர் கேனையே வைத்துவிட்டிருந்தார்கள். ஒரு கால் கொஞ்சம் குட்டை. தலைவர் டம்ளரில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் டக் டக் என்று ஆடியது. நல்ல வேலைப்பாடு என்று அதையும் பாராட்டினார்கள். கண் தெரியாத எனக்கே அது ஆடுவது தெரிந்தது.

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார் தலைவர். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் பேனா மூடி என் பக்கம் உருண்டு வந்தது. பைப் பயிற்சி அந்த மூடி தூரத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஆயுசில் ஒரு தடவையாவது மூடியிருக்கலாம். அப்போது அவர், இதற்கு முன்னால் வந்தவன் காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான், இந்தப் பெண்ணைப் பார்த்தால் அல்லவா கொடுக்கத் தோன்றுகிறது என்றார்.

“சார், அவன் குடிக்கலீங்க” என்றேன். “எனக்கு என்னவோ அதான் அவனுக்கும். நான் பொண்ணு, அதனால அழுவறேன். அவன் ஆம்பள, அதனால குடிச்சிருக்கான். அப்டித்தான?”

அதோடு நிறுத்தவில்லை. எனக்கு ஆரம்பித்தால் நிற்காது. ஒரு ஷீல்டு, இரண்டு பேர், மூடின கண், கிரில் பட்டறை, ஏழாவது விதி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் அப்பா எப்படிச் செத்தார் என்பதையும், அந்தப் பையனைப் போய் ஊதச் சொன்னீர்களே என்பதையும் சொன்னேன். தலைவர் கையை நீட்டிப் பேனா மூடியை எடுத்துக்கொண்டார்.

தலைமை ஆசிரியை அம்மா விண்ணப்பத்தைத் திருப்பி ஏழாவது விதியைச் சத்தமாகப் படித்தார். அதில் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்றார்.

“போட்டேன். ஷீல்டு போடணும்னு எழுதியிருக்கீங்க. வருஷா வருஷம் எங்களுக்கு என்னா குடுக்கறீங்க? பை, டிபன் பாக்ஸ், கொடை. கொடைய மூஞ்சில புடிச்சிக்கிட்டா வெல்டு வெக்கிறது?”

இதைச் சொன்ன பிறகுதான் அந்தக் கைக்குட்டை இன்னும் என் கையில் இருப்பது தெரிந்தது. திருப்பிக் கொடுத்தேன். பிழிந்துவிட்டுக் கொடுத்திருக்கலாம்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். உனக்கும் போச்சா என்று கேட்டான். போச்சு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் சிரிக்க ஆரம்பித்தான். கண் எரிச்சலில் சிரித்தால் இன்னும் எரியும். எரிந்தது, சிரித்தோம்.

பிறகு இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். தலைவர் அவனிடம் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. டீ சாப்பிடுறியா தம்பி என்று கேட்டார். அவருக்கு அதுதான் மன்னிப்பு போல. விதி விதிதான், இன்றைக்கு ஒன்றும் கொடுக்க முடியாது என்றார். ஆனால் வருகிற புதனை விட்டு அதற்கு அடுத்த புதன்கிழமை அவர்களே கடலூருக்கு வருவார்கள். அந்தப் பட்டறையிலேயே, முறைப்படி ஷீல்டு போட்டு, அந்த அம்மா முன்னால் இரண்டு பேரும் வெல்டு வைத்துக் காட்ட வேண்டும். விதியை மதித்தால் பார்க்கலாம்.

அம்மாவிடம் ‘பார்க்கலாம்’ செல்லாது. வந்ததா வரவில்லையா என்றாள். வரவில்லை என்றேன். திங்கட்கிழமை காலையில் சித்தியோடு ஜவுளிக்கடையில் நின்றேன். ஒன்பது நாள். முதல் நாள் காட்டன் புடவைப் பிரிவு. மூன்றாம் நாள் லுங்கிப் பிரிவுக்கு மாற்றினார்கள். லுங்கி வாங்க வருகிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்று முதலாளி கணக்குப் போட்டார். ஆறாம் நாள் ஒருத்தர் இந்த லுங்கி சாயம் போகுமா என்று கேட்டார். போகும் என்றேன். அதற்குப் பிறகு என்னைக் குடோனில் அட்டைப்பெட்டி அடுக்க வைத்தார்கள். சித்தி தினமும் என்னைப் பார்த்து, புதன்கிழமை எப்போது வரும் என்று என்னிடமே கேட்பாள்.

கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் புதன்கிழமை பட்டறைக்குப் போனேன். இருவரும் வந்தார்கள். தலைவர் கையில் இரண்டு புது ஷீல்டு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பட்டறைக்காரர் வாசலில் கோலம் போட வைத்திருந்தார். பொறியைப் பார்க்கக் கூடாது, திரும்பி நில்லுங்கள் என்று இருவருக்கும் மூன்று தடவை சொன்னேன். தலைமை ஆசிரியை அம்மா சொன்னபடி கேட்டார். ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எங்கள் பக்கத்துக்குக் குடையையும் விரித்து வைத்துக்கொண்டார். அறக்கட்டளையின் குடைதான். கடைசியில் அதற்கும் பட்டறையில் ஒரு வேலை கிடைத்தது.

நான் முதலில் வைத்தேன், பிறகு அவன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. ஒன்பது நாள் புடவை, லுங்கி, அட்டைப்பெட்டி என்று அலைந்த கைக்கு வெல்டிங் ராடு கிடைத்ததே போதுமாக இருந்தது. கருப்பு மேல்தோலைத் தட்டிவிட்டால் வெல்டு ஒரே சீராக, மீன் செதில் அடுக்கினாற்போல் இருந்தது. அவனுடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது. அதை அவனிடம் இதுவரை சொல்லவில்லை. நடுவில் ஒரு தடவை ஷீல்டை நிமிர்த்திப் பார்த்தேன். தலைவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் நின்றார். விரல்களை மட்டும் விரித்து வைத்திருந்தார். சார் என்று அதட்டினேன். விரலைச் சேர்த்துக்கொண்டார். மறுபடி குனிந்தேன். அதற்கப்புறம் விரல் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது.

முடிவைக் கூடிப் பேசிச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் காலையில் ஜவுளிக்கடைக்குக் கிளம்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தலைவர்.

“ஏம்மா, அந்த உருளக்கெழங்கு... தோலோட வெக்கணுமா, தோல் எடுத்துட்டா?”

நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. எப்படி வைப்பது என்று சொல்லிவிட்டு, நாளைக்கும் குறையாவிட்டால் கண் டாக்டரிடம் போங்கள் என்றேன். வீட்டில் மருமகள், மாமா எதற்கு அழுகிறார் என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். மகன் பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனானாம். அந்த டீச்சரம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதே என்றார்.

“ஏழாவது விதி, சார்” என்றேன்.

அவர், ரெண்டு பேரும் பைப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டுற எடத்தோட விவரத்த அனுப்புங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். செருப்பைக் கழற்றினேன். சித்திக்குத்தான் முதலில் சொன்னேன். கடையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தாளாம். முதலாளி இரண்டு எடுத்துக்கொண்டாராம்.

உதவித்தொகை கொடுக்கிற விழா அதே கல்யாண மண்டபத்தில் நடந்தது. எங்களுக்குப் பை கொடுத்தார்கள், உள்ளே டிபன் பாக்ஸும் குடையும் இருந்தன. அதை அவர்களால் விட முடியவில்லை. ஆனால் வெல்டர்களுக்கு மட்டும் அந்த வருஷத்திலிருந்து தலையில் மாட்டுகிற ஷீல்டு ஒன்றும் சேர்ந்தது. பைக்குள் அது போகவில்லை. கையில் பை, சான்று, காசோலை, சால்வை எல்லாம் இருந்ததால் ஷீல்டை வைக்க இடமில்லாமல் எல்லோரும் அதை மாட்டிக்கொண்டோம். போட்டோக்காரர் கிளிக் பண்ணிவிட்டார். நடுவில் தலைவர், கருப்புக் கண்ணாடியோடு. கண் எப்போதோ சரியாகிவிட்டது, பழக்கமாகிவிட்டது என்றார்.

நான் பைப் தேர்வில் தேறி, இப்போது வேலையில் இருக்கிறேன். அவனும்தான். அந்தப் போட்டோவை அம்மா சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அதில் எங்கள் யாருடைய முகமும் தெரியாது, உடையும் எல்லோருக்கும் ஒரே காக்கிதான். வருகிறவர்களிடமெல்லாம், இதோ இதுதான் எம்பொண்ணு, அழுதுகிட்டே வாங்கினா என்று விரலை வைத்துக் காட்டுகிறாள். அவள் காட்டுவது எப்போதும் அவனை.